பேரழிவை எண்ணால் அளந்த வரலாறு

வருவது உரைத்தல் முற்காலத்தில் நிமித்திகர் தொழிலாக இருந்தது. பல்லி சொல்லையும் பறவைக் குரலையும் கோள்நிலையையும் கொண்டு நன்மை தீமைகளை அவர்கள் உரைத்தனர். இக்காலத்தில் அத்தொழிலின் பெரும்பகுதியைக் கணக்கறிந்தோர் ஏற்றுக்கொண்டனர். வெள்ளம் வருமா, அணை தாங்குமா, அணு உலை வெடிக்குமா என்னும் வினாக்களுக்கு அவர்கள் ஓர் எண்ணை விடையாகத் தருகின்றனர். அவ்வெண்ணுக்கு நிகழ்தகவு என்று பெயர்.

அண்மைக் காலத்தில் இவ்வரிசையில் புதிய வினா ஒன்று சேர்ந்துள்ளது. மனிதன் ஆக்கிய செயற்கை நுண்ணறிவு ஒருநாள் மனித இனத்துக்கே பேரழிவாக முடியுமா? முடியுமாயின் அதற்குரிய வாய்ப்பு எத்துணை? நூற்றுக்கு ஐந்து என்பர் சிலர். பத்து முதல் இருபது என்பர் வேறு சிலர். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்பாரும் உளர். இவர்கள் அனைவரும் கற்றறிந்தோரே. கற்றறிந்தோர் கூற்றுகள் இவ்வளவு வேறுபடுமாயின், அவ்வெண்களை நாம் எவ்வாறு மதிப்பது? மைசூரிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகள் பலர் கணிப்பொறியை நம்பியே வாழ்வு நடத்துகின்றனர். ஆதலின் இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. இதனைப் பேரழிவுக் கணக்கின் வரலாற்று வழியே ஆராய்வது பொருந்தும் எனக் கருதுகிறோம். அவ்வரலாற்றை நம் ஆற்றங்கரையிலேயே தொடங்கலாம்.

கொள்ளேகாலும் காவிரியும்

கொள்ளேகால் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். 1956 நவம்பர் முதல் நாள் வரையில் இது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்தில் மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997 ஆம் ஆண்டு சாமராசநகர் மாவட்டம் அமைந்தபோது அதன் பகுதியாயிற்று. நம்மில் பெரும்பாலோர் பிழைப்பு நாடி எல்லை கடந்து வந்தவர்கள். கொள்ளேகால் தமிழர்களிலோ பலர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. எல்லைகள் மாறினும் மாறாதது காவிரி. அவ்வாறு தரும் வாழ்வும் அதன் வெள்ளம் தரும் அச்சமும் இரு மாநிலத்தார்க்கும் பொதுவானவை.

கொள்ளேகாலுக்கு அருகே காவிரி இரு கிளையாகப் பிரிந்து சிவசமுத்திரத் தீவைச் சூழ்ந்து, ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாக வீழ்கிறது. 1902 ஆம் ஆண்டு முதல் கோலார் தங்கவயலுக்கு மின்னாற்றலை வழங்கிய நீர்வீழ்ச்சி இதுவே. இத்தீவைக் கரையோடு இணைக்கும் பழைய கற்பாலங்கள் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராமசாமி முதலியார் என்பார் முயற்சியால் அமைந்தவை. அவர் மைசூர் ஆங்கிலப் பிரதிநிதியின் நம்பிக்கைக்குரிய பணியாளராக இருந்தவர். இத்தொண்டுக்காக அவருக்குச் சிறப்புப் பட்டமும் சாகீர் நிலமும் வழங்கப்பட்டன. ஆற்றின் பாறைப்படுகையில் செதுக்கிய கல்தூண்களை நிறுத்தி எழுப்பிய பாலங்கள் அவை. சத்தேகாலாப் பக்கத்துப் பாலத்தை வெல்லெசுலி பாலம் என்பர்.

அப்பாலம் தலைமுறை தலைமுறையாக நின்றது. காவிரி வரலாற்றில் மறக்கவொண்ணாத 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின்னரும் நிலைத்திருந்தது. ஆயின் 2018 ஆம் ஆண்டு வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. அடுத்த ஆண்டும் வெள்ளம் வந்தது. தாசனபுரம் போன்ற கரையோரச் சிற்றூர்களில் நீர் புகுந்தது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பாலம் விழாமல் நின்ற ஒவ்வோர் ஆண்டும் மக்களின் நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் அந்நம்பிக்கையால் ஆற்றின் வலிமை குறையவில்லை. தூண்களுக்கோ ஆண்டுதோறும் அகவை ஏறிற்று. நெடுநாள் தீங்கு நேராமையும் தீங்கு நேரும் வாய்ப்பின்மையும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் மயக்கத்தைப் பின்னரும் காண்போம்.

பதிவேட்டின் வழி

பேரழிவின் வாய்ப்பை அளப்பதற்கு மனிதன் கண்ட முதல் வழி பதிவேடு. கடந்தகால நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்து வருங்காலத்தைக் கணிப்பது இதன் முறை. 1654 ஆம் ஆண்டு பாசுகல், பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் சூதாட்டக் கணக்கொன்றைப் பற்றி எழுதிக்கொண்ட மடல்களில் நிகழ்தகவுக் கணிதம் உருப்பெற்றது. 1693 ஆம் ஆண்டு எட்மண்டு ஆலி என்னும் வானியலறிஞர், பிரெசுலௌ நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு, இன்ன அகவையினர் இன்னும் எத்தனை ஆண்டு வாழக்கூடும் என்று அட்டவணை செய்தார். இன்று நாம் ஆயுள் காப்பீட்டிற்குச் செலுத்தும் கட்டணத்தின் வேர் அங்குள்ளது.

நம் நாட்டில் இம்முறையை வெள்ளத்திற்குப் பயன்படுத்திய பெருமை மகலனோபிசுக்கு உரியது. 1926 ஆம் ஆண்டு ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் நேர்ந்தது. ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது, ஆதலின் கரைகளை உயர்த்தவேண்டும் என்பது பொறியாளர் குழுவின் கருத்தாக இருந்தது. மகலனோபிசு பல்லாண்டு மழைப் பதிவுகளையும் நீர்மட்டப் பதிவுகளையும் திரட்டி ஆராய்ந்தார். படுகை உயரவில்லை, மேற்பகுதியில் பெய்த மிகைமழையே காரணம், கரையை உயர்த்துவதால் பயனில்லை, மேலே அணை வேண்டும் என்று காட்டினார். அவர் வழிநின்ற கணக்குகள் பின்னாளில் ஈராகுட் அணைத் திட்டத்திற்குத் துணையாயின. கண்ணால் கண்டோரின் கருத்தைவிடப் பதிவேட்டின் சான்று வலிமையுடையது என்பதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

காவிரியிலும் அவ்வாறே. சென்னைக்கும் மைசூருக்கும் இடையே 1924 பிப்ரவரி 18 ஆம் நாள் உடன்படிக்கை ஏற்பட்டது. நீரைப் பங்கிடும் உடன்படிக்கையின் மை உலர்ந்த ஐந்தே மாதத்தில், அவ்வாண்டு சூலையில், நீர் பெருவெள்ளமாக வந்தது. மறு ஆண்டு தொடங்கிய மேட்டூர் அணை 1934 இல் திறக்கப்பட்டது. 120 அடி நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் உடைய அவ்வணையில், மிகைநீரை வெளியேற்றப் பதினாறு கண் மதகு அமைந்துள்ளது. பெரும்பாலான நாள்களில் அக்கண்கள் மூடியே கிடக்கும். ஆயினும் அவற்றை வீண்செலவு என்று எவரும் கூறுவதில்லை.

பொறியாளர் நூற்றாண்டு வெள்ளம் என்று ஒன்றைக் குறிப்பிடுவர். நூறாண்டுக்கு ஒருமுறை தவறாது வந்து, மறுபடி நூறாண்டு வராதிருப்பது என்று பலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். அது பொருந்தாது. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். அவ்வாறாயின் ஒரு குடும்பம் முப்பது ஆண்டு ஆற்றங்கரையில் வாழுமாயின், அவ்வெள்ளத்தை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 26 ஆகும். ஆண்டுக்கு ஒன்று என்னும் சிற்றெண் ஒரு தலைமுறைக்குள் நான்கில் ஒரு பங்காக வளர்கிறது. சிறிய நிகழ்தகவைக் கேட்டவுடன் புறந்தள்ளுதல் கூடாது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

கணக்கின் வழி

முன் நிகழாத ஒன்றுக்குப் பதிவேடு ஏது? அங்கே மனிதன் இரண்டாம் வழியை நாடினான். பொருளின் உறுப்புகளையும் இயற்கை விதிகளையும் கொண்டு கணக்கிடுதலே அவ்வழி.

1942 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அணுகுண்டு ஆக்க முனைந்த அறிஞரிடையே, எட்வர்டு டெல்லர் ஓர் ஐயத்தை எழுப்பினார். குண்டின் வெப்பத்தால் காற்றுமண்டலமே தீப்பற்றி உலகு முழுதும் எரிந்துவிடுமோ என்பதே அது. அவ்வாறு நேர இயலாது என்று ஆன்சு பெத்தே கணக்கிட்டுக் காட்டினார். 1945 சூலை 16 ஆம் நாள் முதல் குண்டு வெடிக்கப்பட்டது, காற்று எரியவில்லை. மனித இனம் முழுவதும் அழியும் வாய்ப்பைத் தாளில் கணக்கிட்டுப் பார்த்த பின்னர் ஒரு செயலில் இறங்கியது அதுவே முதன்முறை எனலாம். அக்கணக்கு சிலருடைய மேசையிலேயே முடிந்தது என்பதும், உலக மக்கள் எவரையும் கேட்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

பின்னர் மின் உற்பத்திக்கு அணு உலைகள் எழுந்தன. 1975 ஆம் ஆண்டு நார்மன் ராசுமுசன் தலைமையில் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. ஒரு திறப்பி பழுதாகும் வாய்ப்பு, ஒரு நீரேற்றி நின்றுவிடும் வாய்ப்பு என ஒவ்வோர் உறுப்புக்கும் எண் குறித்து, அவற்றைப் பெருக்கி, உலையின் நடுப்பகுதி உருகும் வாய்ப்பு ஓர் உலைக்கு ஓர் ஆண்டில் இருபதாயிரத்தில் ஒன்று என அவ்வறிக்கை மதிப்பிட்டது. முறை சிறந்தது, ஆனால் எண்ணின் உறுதிப்பாட்டை மிகைப்படுத்திக் கூறியதாக 1978 இல் அதை ஆராய்ந்த குழு குறைகண்டது. 1979 மார்ச்சு 28 ஆம் நாள் திரீமைல் தீவு உலையின் நடுப்பகுதி ஓரளவு உருகியது.

பெருக்கற் கணக்கில் மறைந்துள்ள இடர் யாதெனின், பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்வதாகும். ஆயிரத்தில் ஒன்றை ஆயிரத்தில் ஒன்றால் பெருக்கினால் பத்து இலட்சத்தில் ஒன்று. ஆனால் ஒரே காரணம் இரண்டையும் ஒருசேரத் தாக்குமாயின் அப்பெருக்கல் பொய்த்துவிடும். 2011 மார்ச்சு 11 ஆம் நாள் சப்பானின் புகுசிமாவில் நேர்ந்தது அதுவே. ஒன்று போனால் மற்றொன்று உதவும் என வைத்திருந்த மின்னாக்கிகளை ஒரே ஆழிப்பேரலை ஒருங்கே செயலிழக்கச் செய்தது. நம் தமிழகக் கடற்கரையில் 2004 திசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில், கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்றும் கூடத்தில் கடல்நீர் புகுந்தது; உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அங்கே உலை காத்தது. கரையிலோ ஆயிரக்கணக்கான உயிர்கள் மாண்டன. அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. நம் நாட்டின் எச்சரிக்கை மையம் 2007 இல்தான் ஐதராபாத்தில் அமைந்தது.

நம்பிக்கை எண்ணைச் சுருக்குதல்

1986 சனவரி 28 ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணூர்தி எழுந்த 73 நொடிகளில் சிதறி, எழுவர் மாண்டனர். விசாரணையில் பங்குகொண்ட இயற்பியலறிஞர் ரிச்சர்டு பெயின்மன் வியப்பான ஒன்றைக் கண்டறிந்தார். விண்ணூர்தி அழியும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பது பணியிலிருந்த பொறியாளர் கணிப்பு. ஓர் இலட்சத்தில் ஒன்று என்பது மேலாளர் கணிப்பு. ஒரே பொருள், ஒரே நிறுவனம். கணிப்போ ஆயிரம் மடங்கு வேறு.

அதற்கு முன் 24 முறை விண்ணூர்திகள் சென்று மீண்டிருந்தன. இணைப்பு வளையங்களில் தேய்மானம் கண்டபோதெல்லாம், முன்னும் இவ்வாறிருந்து தீங்கு நேரவில்லையே என்று அமைதி கொண்டனர். சத்தேகாலாப் பாலத்தில் நாம் கண்ட மயக்கமே இது. 2003 பிப்ரவரி முதல் நாள் கொலம்பியா விண்ணூர்தி சிதைந்து, நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிர்நீத்தனர். இத்திட்டம் 2011 இல் முடிவுற்றபோது மொத்தம் 135 பயணங்களில் இரண்டு அழிந்திருந்தன. ஏறத்தாழ 68 இல் ஒன்று. பொறியாளர் கணிப்பே உண்மைக்கு அண்மையில் நின்றது.

கோப்புகளோடு பழகிய நமக்கு இதில் புதுமையில்லை. வரவு செலவு மதிப்பீடு ஒன்று, திருத்திய மதிப்பீடு ஒன்று, ஆண்டு முடிவில் உண்மைச் செலவு வேறொன்று. திட்டம் நிறைவேற வேண்டும் என்னும் விருப்பமுடையவர் எழுதும் மதிப்பீட்டில் செலவு குறைந்தே காணப்படும். ஆதலின்தான் செலவு செய்பவர் ஒருவரும் தணிக்கை செய்பவர் வேறொருவருமாக ஆட்சிமுறை வகுத்துள்ளது.

எந்திர அறிவும் கருத்தின் வழியும்

இனிச் செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். கொள்ளேகாலின் எல்லை மாறிய அதே 1956 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டார்ட்மத்துக் கல்லூரியில் கூடிய அறிஞர் சிலர் இப்பெயரை வழங்கினர். எந்திரம் சிந்திக்குமா என்னும் வினாவை ஆலன் டூரிங் 1950 இலேயே எழுப்பியிருந்தார். தன்னினும் சிறந்த எந்திரத்தை ஆக்கவல்ல எந்திரம் தோன்றுமாயின், அதுவே மனிதன் செய்யவேண்டிய இறுதிக் கண்டுபிடிப்பாக இருக்கும் என்று 1965 இல் ஐ. சே. குட் எழுதினார். 2022 நவம்பர் இறுதியில் சாட்சிபிடி வெளியானபின் இவ்வாராய்ச்சி பொதுமக்கள் பேச்சாயிற்று.

அச்சத்தின் காரணங்களைச் சுருக்கமாக மூன்று எனலாம். தீயோர் இவ்வறிவைக் கொண்டு கொடிய நோய்க்கிருமிகளையும் படைக்கலங்களையும் ஆக்கக்கூடும் என்பது ஒன்று. எந்திரம் தனக்கு இட்ட பணியை நாம் கருதாத வழியில் முடிக்க முனைந்து, நம் தடையை மீறக்கூடும் என்பது இரண்டு. மனிதர் தம் முடிவுகளைச் சிறிது சிறிதாக எந்திரத்திடம் ஒப்படைத்து, மீட்க இயலாத நிலையை அடையக்கூடும் என்பது மூன்று.

இவற்றின் வாய்ப்பைப் பதிவேட்டால் அளக்க இயலாது. மனித இனம் இவ்வாறு அழிந்த பதிவு இருப்பின் அதைப் படிக்க நாம் இருக்கமாட்டோம். உறுப்புக் கணக்காலும் இயலாது. அணு உலையில் திறப்பி எது, நீரேற்றி எது என்று தெரியும். இவ்வெந்திரங்களோ பேரளவு எழுத்துகளைப் படித்துத் தாமே கற்றவை. உள்ளே கோடிக்கணக்கான எண்கள் உள்ளன. ஒரு விடையை எதனால் தந்தது என்பதை ஆக்கியோரே முழுதும் உரைக்க இயலவில்லை. எனவே எஞ்சியது மூன்றாம் வழி. அறிந்தோரைக் கேட்டு அவர் கருத்தை எண்ணாகப் பெறுதல்.

2023 இல் நடந்து 2024 சனவரியில் வெளிவந்த ஆய்வொன்றில் 2,778 ஆய்வாளர் பங்குகொண்டனர். மனித இன அழிவோ அதற்கொப்பான நிலைத்த வீழ்ச்சியோ நேரும் வாய்ப்புப் பற்றி அவர்கள் தந்த எண்களை வரிசைப்படுத்த, நடுவில் நின்றது நூற்றுக்கு 5. வினாவை வேறு வடிவில் கேட்டபோது நடு எண் 10 ஆயிற்று. 2022 இல் நடந்த மற்றொரு முயற்சியில், 2100 ஆம் ஆண்டிற்குள் செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் வாய்ப்பை இத்துறை வல்லுநர் நூற்றுக்கு 3 என்றனர். முன்கணிப்பில் தேர்ந்தவர் நூற்றுக்கு 0.38 என்றனர். பல மாதங்கள் தம்முள் வாதிட்டும் இரு சாராரும் நெருங்கி வரவில்லை. இத்துறையின் முன்னோடியும் 2024 இல் நோபல் பரிசு பெற்றவருமான செப்ரி இன்டன், முப்பது ஆண்டுகளுக்குள் 10 முதல் 20 விழுக்காடு என்றார். அவரோடு டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்ட யான் லெகுன், இவ்வச்சம் மிகையானது என்கிறார்.

துல்லியமும் உண்மையும்

தமிழ் கற்றோர் இறையனார் களவியல் உரையை அறிவர். முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு நிலவின என்றும், கடல்கோள் நேர்ந்தது என்றும் அவ்வுரை கூறுகிறது. இம்மூன்று எண்களும் 37 ஆல் மீதமின்றி வகுபடும். ஈவு முறையே 120, 100, 50. ஆண்டுதோறும் எண்ணிக் குறித்த பதிவில் இத்தகைய ஒழுங்கு அமைதல் அரிது. எனினும் கடலரிப்பும் கடல்கோளும் தமிழ்க் கரைக்கு நேர்ந்த உண்மைகளே என்பதை 2004 நமக்குக் காட்டிற்று. எண் ஐயத்திற்குரியது, எண்ணின் உள்ளே இருந்த எச்சரிக்கை ஐயத்திற்குரியதன்று.

செயற்கை நுண்ணறிவுப் பேரழிவின் எண்களையும் இவ்வாறே கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து. 0.38 என்னும் பதின்மப் புள்ளி கண்டு மயங்கவேண்டா; அது அளந்த எண்ணன்று, கருதிய எண். அதே வேளையில், எண் உறுதியற்றது என்பதனால் இடரே இல்லை என்று முடிவு செய்தலும் தவறு. அறியாமை என்பது பாதுகாப்பின் சான்றாகாது. முப்பது ஆண்டில் பத்து விழுக்காடு என்பது, ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஒன்றில் மூன்றிலொரு பங்கு. அது நூற்றாண்டு வெள்ளத்தின் வாய்ப்பைவிடக் குறைவே. ஆயினும் வெள்ளம் வடிந்தபின் வீட்டை மீண்டும் கட்டலாம். மனித இனத்திற்கு மறுகட்டுமானம் இல்லை.

அச்சமூட்டியது நேரவில்லையே என்பாரும் உண்டு. 2000 ஆம் ஆண்டு பிறக்கும்போது கணிப்பொறிகள் நின்றுவிடும் என்றனர், பெருந்தீங்கு நேரவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் அக்குறையைத் திருத்தும் பணியில் நம் இளைஞர் பலர் கடல் கடந்து சென்று உழைத்தனர் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். நேராத தீங்கு, சில வேளை காத்த தீங்காக இருக்கலாம்.

நாம் கொள்ளத்தக்கவை

எந்நாளிதழில் எவ்வெண் வெளிவரினும் மூன்று வினாக்களை நாம் கேட்டல் நலம். இவ்வெண் பதிவேட்டால் வந்ததா, கணக்கால் வந்ததா, கருத்தால் வந்ததா? எண்ணை உரைப்பவர் அப்பொருளை ஆக்கி விற்பவரா, தணிக்கை செய்பவரா? எந்நிகழ்ச்சியைக் கண்டால் அவர் தம் எண்ணை மாற்றிக்கொள்வார்? இவ்வினாக்களுக்கு விடை தாராத எண், நிமித்திகர் வாக்கினும் சிறந்ததன்று.

இரண்டாவதாக, எண்ணில் அனைவரும் ஒன்றுபடும்வரை காத்திருத்தல் வேண்டா. மதகு அமைப்பவன் வெள்ளம் வரும் நாளை அறிந்து அமைப்பதில்லை. எந்திரங்களை வெளியிடுமுன் சோதித்தல், ஆக்குவோரைச் சாராத அமைப்பு மேற்பார்த்தல், இடர் கண்டவிடத்து நிறுத்தும் வழி வைத்திருத்தல் ஆகியவை இத்துறையின் மதகுகள். நம் நாட்டில் அணுவாற்றலுக்கு 1983 இல் ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. செயற்கை நுண்ணறிவின் பேரிடர் பற்றி 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்சிலியில் 28 நாடுகள் கூடி அறிவித்த அறிக்கையில் இந்தியாவும் ஒப்பமிட்டது. ஒப்பம் தொடக்கமே, மதகு கட்டுதல் இனி நிகழவேண்டியது.

மேல்கரையில் பெய்யும் மழை கீழ்க்கரையில் வெள்ளமாதலைக் காவிரி மக்கள் நன்கறிவர். கொள்ளேகாலைக் கடந்த நீர்தான் மேட்டூரை அடைகிறது. அதுபோல் எங்கோ ஒரு நாட்டின் ஆய்வுக்கூடத்தில் எடுக்கும் முடிவு நம் தெருவரை வரும். அம்முடிவில் பங்கு கேட்கும் உரிமை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. அணுகுண்டுக் காலத்தில் சிலர் மேசையில் முடிந்த கணக்கு, இம்முறையேனும் மக்கள் மன்றத்திற்கு வரவேண்டும். அம்மன்றத்தில் எண்ணறிந்து பேசும் தமிழரை உருவாக்குதலும் தமிழ்ச் சங்கங்களின் கடமைகளுள் ஒன்றாகுக.